மூடியைத் திறக்கக்கூடாத மூன்று நாட்கள்

வாத்து முட்டை வாங்கப் போன காரணத்தைச் சொல்லாமலே இதை எழுதிவிட முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியாது. எனக்கு மூலவியாதி. முப்பத்திரண்டு வருடம் ஒரே மரக் கதிரையில் உட்கார்ந்து பதிவேடு எழுதியவன் நான். ஓய்வுபெறும் நாளில் கந்தோரில் மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். கதிரை தன் பங்குக்கு இதைக் கொடுத்து அனுப்பியது.

எனக்கு மருந்து சொன்னவர் கீழ்வீட்டுத் தையல்காரர். "வாத்து முட்டைய நல்லெண்ணெயில பொரிச்சு மூணு வாரம் சாப்பிடுங்கண்ணே. கழுவி விட்ட மாதிரி போயிரும்." அவர் நாவலப்பிட்டிக்காரர். முழங்கால் வலிக்குப் போனாலும் கண் மங்கலுக்குப் போனாலும் அவரிடம் ஒரு முட்டை வைத்தியம் இருக்கும்.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் குருநாகல் வீதியிலிருந்து இறங்கும் ஒரு சந்தில், தையல்கடைக்கு மேல் மாடியில், இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்டது என் வீடு. அதில் நான் மட்டும். மகளின் பிரசவத்துக்கு என்று என் மனைவி மெல்பர்ன் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். அந்தப் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இப்போது ஓடுகிறது. ஃபோனில் என் முகத்தைக் கண்டால் கையை ஆட்டிவிட்டு, அடுத்த கார்ட்டூனைப் போடச் சொல்கிறது. நான் ஒரு விளம்பரம் என்று நினைத்திருக்கிறது போலும்.

கலகெதரையில் வயலோரம் ஒரு முஸ்லிம் அம்மா வாத்து வளர்க்கிறார் என்று விசாரித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அறுபது வயது தாண்டியவர். அங்கே எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வயல் வரப்பில் முப்பது நாற்பது வாத்துகள், சந்தைக்குப் போகிற பெண்கள் மாதிரி ஒன்றின் பேச்சை ஒன்று கேட்காமல் எல்லாமே பேசிக்கொண்டு போயின.

"தின்னவா தம்பி, வெக்கவா?" என்று கேட்டார் ராத்தா.

ஐம்பத்தெட்டு வயதில் என்னை ஒருவர் தம்பி என்கிறார். அன்று காலையிலிருந்து யாரும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் கேள்வி சரியாக விளங்கவில்லை.

"வைக்கிறதுன்னா?"

"குஞ்சு பொரிக்க வெக்கிற. ஆண் வாத்து ரெண்டு ஈக்கி. எல்லாம் கரு முட்ட." இருக்கிறது என்பது அவர் வாயில் ஈக்கி, இருந்தால் என்பது ஈந்தா.

தின்ன என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தின்ன என்றால் கோழி முட்டை தின்னலாமே, வாத்து முட்டை என்னத்துக்கு என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். அறிமுகமாகி இரண்டு நிமிடம்கூட ஆகாத பெண்மணியிடம் நான் அந்த வியாதியின் பெயரைச் சொல்வதா?

"வைக்கத்தான் ராத்தா" என்றேன்.

"அடை வெக்கக் கோழி ஈக்கா?"

"இல்ல. பெட்டி."

அப்படி ஒரு பெட்டி உலகத்தில் இருக்கிறது என்று எங்கேயோ பார்த்த ஞாபகம். பொய் சொன்னால் விவரமாகச் சொல்ல வேண்டும் என்பது கந்தோர்ப் பழக்கம்.

ராத்தா பத்து முட்டையை வைக்கோல் சுற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது விரலை நீட்டிச் சொன்னார். "ஒண்டு மட்டும் பொரிச்சா வளக்க வாணாம். எனக்கிட்டக் கொண்டு வந்திடுங்க. தனிய ஈந்தா அது தின்னாது. கத்திக் கத்தியே மவுத்தாப் போயிரும். ரெண்டு ஈந்தாத்தான் அது வாத்து."

பஸ்ஸில் மடியில் முட்டையை வைத்துக்கொண்டு வரும்போதுகூட எனக்கு எந்த எண்ணமும் இல்லை. பொரித்துத் தின்பதுதான் திட்டம். வந்து தாச்சியை அடுப்பில் வைத்தேன். எண்ணெயும் ஊற்றினேன். அப்போது ஃபோன் வந்தது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி. அவளுக்குப் பின்னால் பிள்ளையின் சிரிப்பு, தண்ணீர்க் குழாய், மகள் யாரையோ அதட்டும் சத்தம். "ஏங்க, டிவியவாவது போட்டுக்கிட்டு இருங்களேன். நம்ம வீட்டுப் பக்கம் ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குது. லைன் கட்டாயிருச்சோன்னு பயமா இருக்கு."

"சத்தத்துக்குத்தான் ஏற்பாடு பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன். அதைச் சொல்லும் வரைக்கும் அது எனக்கே தெரியாது. அடுப்பை அணைத்தேன்.

ஆக, எனக்கு வேண்டியது இரண்டு குஞ்சு. பத்தில் இரண்டு. அது பெரிய ஆசையா?

பெட்டிக்கு மீன்கடைக்காரரிடம் போனேன். மீன் வரும் வெள்ளை ரெஜிபோம், அதாவது தெர்மகோல், பெட்டி ஒன்றை அவர் சும்மாவே தந்தார். எத்தனை தரம் கழுவியும் அதில் பாரை மீன் வாடை போகவில்லை. சந்தின் பூனைகள் எல்லாம் என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து நம்பிக்கையோடு காத்திருந்தன. பழுதுபார்க்கும் கடையில் ஒரு பல்பு, ஒரு சின்ன விசிறி, சூடு முப்பத்தேழரை டிகிரிக்கு வந்ததும் பல்பை அணைக்கும் ஒரு சாமான் என்று எல்லாம் பொருத்தித் தந்தார்கள். மூடியில் காற்றுப் போக நாலு துளை. முன்பக்கம் ஒரு கண்ணாடித் துண்டு, உள்ளே பார்க்க. அடியில் தண்ணீர் ஊற்ற இரண்டு தட்டு.

இந்தத் தண்ணீர்தான் விஷயம். எவ்வளவு ஈரம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். தமிழ்நாட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார். இரண்டு தட்டும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், காயவே விடக்கூடாது என்றார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. வாத்து தண்ணீரில் வாழ்கிற பிராணி. முட்டைக்கும் தண்ணீர் பிடிக்காமலா இருக்கும்? இரண்டு தட்டோடு ஒரு பஞ்சையும் நனைத்து வைத்தேன். தினமும் முட்டைமேல் தண்ணீர் வேறு தெளித்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அது மழை மாதம். மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து ஜன்னல் வழியே உள்ளே பார்க்கும். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. காயாத துணிக்கு ஒரு நாற்றம் உண்டு, கண்டியில் இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்த வீட்டில் சூடான ஒரே இடம் பெட்டியின் மூடி. முதலில் ஒரு கைக்குட்டையை விரித்தேன். ஒரு மணித்தியாலத்தில் அப்பளம் மாதிரி காய்ந்தது. அடுத்த நாள் சொக்ஸ். பிறகு பனியன். இரண்டாம் வாரத்தில் இடுப்பில் உடுத்துகிற சாரமே நாலாக மடிந்து மூடிமேல் கிடந்தது. அதற்கு அடியில் காற்றுத் துளை நாலும் மூடிக் கிடந்தன என்பது என் மூளைக்கு எட்டவில்லை. உள்ளே கண்ணாடியில் நீர் கோடு கோடாக வழிந்தது. அதைப் பார்த்து, ஆகா, செழிப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

முட்டையைத் தினமும் மூன்று வேளை புரட்ட வேண்டும். ஒரு பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி, மறுபக்கம் ஒரு கோடு. காலையில் புள்ளி, பகலில் கோடு, மாலையில் மறுபடி புள்ளி, அடுத்த நாள் காலையில் கோடு. டவுனுக்குப் போனால் பழைய சிநேகிதர்கள் யாராவது தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவார்கள். "இல்ல, வீட்டுல காத்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். என் மனைவி திரும்பி வந்துவிட்டாள் என்று இரண்டு பேர் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இருபத்தெட்டாம் நாள் குஞ்சு வரவேண்டும். வரவில்லை. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. கீழே தையல்காரர் தினமும் படியடியில் நின்று, "என்னண்ணே, வலி கண்டிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், முப்பத்திரண்டாம் நாள் கேட்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்து முட்டையையும் தூக்கிக்கொண்டு கலகெதரைக்குப் போனேன். ராத்தா ஒன்றைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கல்லில் மெதுவாகத் தட்டி உடைத்தார்.

குஞ்சு இருந்தது. முழுக் குஞ்சு. சொண்டு, நகம், மஞ்சள் மயிர் எல்லாம். அதைச் சுற்றித் தண்ணீர். உடைத்த இடத்தால் தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியே வடிந்தது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதை உடைக்க வேண்டாம் என்றேன்.

"இது முங்கி மவுத்தாகியீக்கி" என்றார் ராத்தா.

வாத்து. நீரில் மூழ்கிச் செத்திருக்கிறது. ஓட்டுக்குள்ளேயே. உலகத்தில் எத்தனையோ பேர் வாத்து வளர்த்திருப்பார்கள், வாத்தை மூழ்கடித்தவன் என்ற பெயர் எனக்குத்தான்.

"பெட்டிக்கு மேல என்னமும் வெச்சீங்களா? காத்து ஓட்ட மூடியா ஈந்திச்சு?"

சொன்னேன். கைக்குட்டையில் தொடங்கி சாரம் வரைக்கும் வரிசையாக, ஒரு வாக்குமூலம் மாதிரி. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு நிற்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "அல்லாவே, சாரமா! சாரத்த வெச்சா தம்பி அதுகள மூடின!" சிரித்து முடித்து, உடைந்த முட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொல்லித் தந்தார்.

முட்டையின் அகன்ற பக்கத்தில் ஒரு காற்றுப் பை இருக்கிறது. முட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வேண்டும். வற்ற வற்ற அந்தப் பை பெரிதாகும். கடைசியில் குஞ்சு மூக்கை அதற்குள் நீட்டித்தான் முதல் மூச்சு விடும். ஈரம் கூடிப்போனால் முட்டை வற்றாது, பை பெரிதாகாது, மூச்சுவிட இடமிருக்காது. ஆகவே இருபத்தைந்து நாள் வரைக்கும் ஈரம் மட்டாக இருக்க வேண்டும். "உங்கட வீடே ஈரம். ஒரு தட்டுல தண்ணி காணும்" என்றார். ஆனால் கடைசி மூன்று நாள் எல்லாம் தலைகீழ். புரட்டக்கூடாது. இரண்டு தட்டையும் நிரப்ப வேண்டும். ஓட்டுக்கு உள்ளே குஞ்சைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் உண்டு, குஞ்சு ஓட்டை உடைக்கும்போது அது நனைந்து இளகி இருக்க வேண்டும். காய்ந்தால் கடதாசி மாதிரி குஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மூடியைத் திறக்கவே கூடாது.

"மூடினா மூடினதுதான். என்ன நடந்தாலும் துறக்க வாணாம். கேட்டிச்சா?"

"கேட்டிச்சு ராத்தா."

ஆறு முட்டை தந்தார்.

இந்தத் தரம் நான் வேறு மனிதன். ஈரத்தை நூற்றுக்கு இத்தனை என்று எண்ணில் காட்டும் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். இரண்டு வாங்கினேன், ஒன்று பெட்டிக்குள், ஒன்று அறைச் சுவரில். ஒரு தட்டில் மட்டும் தண்ணீர். பெட்டிக்குள் ஐம்பத்தைந்து. மூடிமேல் ஒரு நூல்கூட விழவிடவில்லை. ஈரப் பனியன்களைத் தையல்காரரிடம் கொண்டுபோய், இஸ்திரிப் பெட்டியால் காய வைத்துத் தரச் சொன்னேன்.

"அண்ணே, வாத்துக்காக நான் ஒங்க பனியன இஸ்திரி போடுறேன். இது ஊருல தெரிஞ்சா எவனாவது எனக்குத் துணி குடுப்பானா?" என்றார். ஆனால் போட்டுத் தந்தார்.

வாரம் ஒரு தரம் அறையை இருட்டாக்கி, ஃபோன் வெளிச்சத்தை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். ஏழாம் நாளே இரண்டு முட்டை வெறுமையாகத் தெரிந்தன, கரு பிடிக்கவில்லை. பதினாலாம் நாள் ஒன்றில் உயிர் நின்றுபோயிருந்தது. மிச்சம் மூன்றிலும் சிவப்பு நரம்புகள். காற்றுப் பையின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். ஒவ்வொரு வாரமும் கோடு கீழே இறங்கியது. பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறிப்பது மாதிரிதான், ஆனால் தலைகீழாக.

இருபத்திநாலாம் நாள் மனைவி பேசினாள்.

"என்னங்க, மக இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போகச் சொல்றா. அவ வேலைக்குத் திரும்பப் போறாளாம். பிள்ளைய யாருகிட்ட விடுறதுன்னு..."

சுவரில் எண்பத்துநாலு. பெட்டியில் ஐம்பத்தைந்து. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குதாங்க?"

"கேக்குது. சரி, இருந்துட்டு வா."

"நீங்க தனியா..."

"நான் எங்க தனியா இருக்கேன்? நாலஞ்சு நாள்ல பாரு, இந்த வீட்டுல ஒன் பேச்சே எனக்குக் கேக்காது."

அடுத்த நாள் இரண்டு தட்டையும் இளஞ்சூட்டுத் தண்ணீரால் நிரப்பினேன். எழுபதுக்கு ஏறியது. மூடியை மூடினேன். மூன்றில் இரண்டு. அவ்வளவுதான்.

இருபத்தேழாம் நாள் காலை ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். காதைக் கண்ணாடியில் வைத்தால் உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். நானும் கீச்சென்றேன். அது பதில் சொன்னது. ஒரு மணித்தியாலம் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். படியேறி வந்த தையல்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பனியனை இங்க வச்சிட்டுப் போறேண்ணே" என்று சொல்லி மெதுவாக இறங்கிப் போனார்.

இருபத்தெட்டாம் நாள் மாலை மூன்று மணிக்கு முதல் குஞ்சு வெளியே வந்தது. ஓட்டைத் தொப்பி மாதிரி தள்ளிவிட்டு, நனைந்த பழந்துணி போல விழுந்து கிடந்தது. இரண்டாவது முட்டையிலும் அதற்குள் விரிசல் விழுந்து, சின்னச் சொண்டு ஒன்று வெளியே வருவதும் போவதுமாக இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். இரண்டு!

பிறகு முதல் குஞ்சு கத்தத் தொடங்கியது.

அது எவ்வளவு சின்னப் பிராணி. அந்தக் கத்தல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. நான் கண்ணாடிக்கு அருகில் முகத்தை வைத்தால் நிறுத்தும். எழுந்தால் தொடங்கும். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்ற முடியவில்லை. ராத்தாவுக்கு ஃபோன் போட்டேன்.

"கத்தட்டும். துறக்க வாணாம். ஒரு நாள் தின்னாமக் குடிக்காம அதால ஈக்கேலும். மற்றதும் வந்தா ரெண்டும் சரியாப் போகும்."

சரி என்று கதிரையைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். மறுநாள் விடிந்தும் அது நிறுத்தவில்லை. சத்தம் மட்டும் கம்மிப் போயிருந்தது. இரண்டாவது முட்டையில் சொண்டு இன்னும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. வெளியே மழை. அப்போதுதான் என் மூளை ஒரு கணக்குப் போட்டது. சுவரில் எண்பத்தாறு. பெட்டியில் எழுபத்திரண்டு. வெளியில்தான் ஈரம் கூட! மூடியைத் திறந்தால் ஈரம் உள்ளேதானே போகும், எப்படி வெளியே வரும்? கலகெதரை கண்டியைவிடக் கொஞ்சம் சூடான ஊர், அங்கே ராத்தா சொல்வது சரியாக இருக்கலாம், கட்டுகஸ்தோட்டை மழையில் அந்தச் சட்டம் செல்லாது. முப்பத்திரண்டு வருடம் சட்டத்தில் ஓட்டை தேடிக் கொடுத்தவன் அல்லவா?

திறந்தேன். குஞ்சை எடுத்துச் சேர்ட்டுக்குள் விட்டேன். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உடனே அடங்கியது. இரண்டு சுற்றுச் சுற்றித் தூங்கிவிட்டது. அந்த அமைதியில் நானும் மூடியைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்.

கண்ணைத் திறந்தபோது பெட்டியின் கண்ணாடி சுத்தமாக இருந்தது. நாலு நாளாகப் பனி படிந்திருந்த கண்ணாடி. உள்ளே கருவி முப்பத்தெட்டு காட்டியது. இரண்டாவது முட்டையின் விரிசலுக்குள் வெள்ளையாக நனைந்திருந்த தோல், பழைய கடித உறை மாதிரி பழுப்பாகிச் சுருங்கியிருந்தது.

குளிர்ந்த ஈரக் காற்று சூடான பெட்டிக்குள் போனால் சூடாகும். சூடானதும் அது தாகத்தோடு எல்லாவற்றையும் உறிஞ்சும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மாதம் முழுக்க அடைமழையில் என் சாரத்தைக் காயவைத்துத் தந்த அதே சூடு. கண்டியிலேயே அதை நேரில் பார்த்துப் பரீட்சித்த ஆள் நான்தான்.

தண்ணீர் ஊற்றினேன். பஞ்சை நனைத்தேன். மூடினேன். எழுபதுக்கு ஏற ஒரு மணித்தியாலம் ஆனது. சொண்டு சாயந்தரம் வரைக்கும் அசைந்தது. அடுத்த நாள் காலையில் அசையவில்லை. மூன்றாவது முட்டை கடைசிவரை ஒரு சத்தமும் காட்டவில்லை.

முதல் குஞ்சு பிழைத்தது. பிழைத்ததோடு என்னைத் தன் தாய் என்றும் முடிவு செய்தது. மூன்று நாள் நான் போன இடமெல்லாம் வந்தது. குசினிக்கு வந்தது, அலுமாரிக்கு அடியில் வந்தது. கக்கூசுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று கத்தியது. என் வியாதிக்கு நான் உள்ளே கொஞ்சம் அதிக நேரம் இருக்க வேண்டியவன். "வாறேன், வாறேன், இரு" என்று உள்ளேயிருந்து நான் பதில் சொல்வது கீழே கடையில் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது.

மனைவி ஃபோனில் கேட்டாள். "அது என்னங்க சத்தம்?"

"சொன்னேனே."

"அய்யோ, நெசமாவே பொரிச்சிட்டீங்களா! எத்தன?"

"ரெண்டு" என்றேன்.

"எங்க, காட்டுங்க. ஒன்னுதானே தெரியுது? மத்தது?"

"தூங்குது."

அன்று பகல் பாண் வாங்கக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. தையல்காரர் ஒரு யோசனை சொன்னார். கடையில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது, அதைக் குஞ்சைப் போட்டுவைக்கும் அட்டைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தால் இன்னொரு குஞ்சு என்று நினைத்துக்கொள்ளுமாம். வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சத்தமே இல்லை. பயந்து எட்டிப் பார்த்தேன். தீனி போட்டது போட்டபடி கிடந்தது. குஞ்சு கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கியது. கண்ணாடி குளிர்ந்துபோயிருந்தது. அது தூக்கத்திலும் இன்னும் நெருங்கப் பார்த்தது.

என் கையில் ஃபோன் இருந்தது. அதைச் சேர்ட் பைக்குள் போட்டுவிட்டு, சப்பாத்துப் பெட்டியைத் தேடினேன்.

பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துக்காரர் நான் மடியில் வைத்திருந்த பெட்டியை மூன்று தரம் பார்த்தார். நாலாவது தரம் அது கத்தியது. "என் ஃபோன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கலகெதரை வரைக்கும் இரண்டு விரலை உள்ளே விட்டுக்கொண்டே போனேன்.

ராத்தா என்னைக் கண்டதும் பெட்டியின் எடையை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "ஒண்டா?"

"ஒண்ணு."

"துறந்தீங்களா?"

"துறந்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே வயதில் ஏழு குஞ்சுகள் ஒரு கூடையடியில் இருந்தன. அவற்றுக்கு நடுவில் என்னுடையதை விட்டார். அது திகைத்து நின்றது. என்னைப் பார்த்து ஒரு தரம் கத்தியது. மற்றக் குஞ்சுகள் தண்ணீர்த் தட்டுப் பக்கம் ஓடின. இது ஒரு காலைத் தூக்கி வைத்தது, நின்றது, பிறகு ஓடிப்போய் அவற்றுக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. எட்டும் ஒரே நேரத்தில் சொண்டைத் தண்ணீரில் விட்டன.

"பாத்தீங்களா, திரும்பியும் பாக்கல்ல" என்றார் ராத்தா. பிறகு, "உங்கட வீட்டுல யார் யார் ஈக்கிற?"

"நான்தான்."

"நீங்க மட்டுமா?"

"மட்டும்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. "அப்ப உங்கள எங்க கொண்டுபோய்க் குடுக்கிற?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார். சோறு தின்றுவிட்டுப் போகச் சொன்னார். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ் அரை மணிக்கொரு தரம் வரும்.

"முட்ட கொண்டு போறீங்களா? வெக்கவா, தின்னவா?"

"தின்னத்தான் ராத்தா" என்றேன். இந்தத் தரம் அவர் ஏன் என்று கேட்கவேயில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பும் கேட்டிருக்க மாட்டார் என்று அப்போதுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து தாச்சியை வைத்து நல்லெண்ணெய் ஊற்றினேன். ஃபோன் வந்தது.

"என்னங்க, என்ன செய்யுதுக ரெண்டும்?"

"ரெண்டு இல்ல. ஒன்னுதான் பொரிச்சிச்சு. தனியா இருந்தா சாப்பிடாதாம். கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. லைன் கட்டாகவில்லை என்று அதனால் தெரிந்தது.

"என்னங்க."

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"இப்பதான் முட்ட பொரிக்கப் போறேன்."

"சரி. பொரிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

முட்டையை எண்ணெயில் உடைத்து ஊற்றினேன். சடசடவென்று பொரிந்தது. அது அவளுக்கும் கேட்டிருக்கும். மீன் பெட்டியை நான் இன்னும் அணைக்கவில்லை. மூடிமேல் சாரம் நாலாக மடிந்து காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்பத்தொன்று, சுவரில் எண்பத்தைந்து.